விடிய விடிய ஆடிய கூத்தை ஓடாசிற்றியில் தேடிப் பிடிப்பது: நகர்தலுக்கும் சூமுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் ஒரு கூத்து அரங்கேற்றம் இரவு தொடங்கினால் விடியத்தான் முடியும். இப்போது சுருக்கி ஆடுகிறவர்களும் உண்டு. ஆனாலும் ஊர்க் களரியில், அதாவது ஆடுகளத்தில், ஆடுகிற முழுக்கூத்து ஏழெட்டு மணி நேரம் போகும். அதைப் பதிவு செய்வது இன்று பெரிய காரியம் இல்லை. கையடக்க ரெக்கோர்டர் ஒன்றை நல்ல இடத்தில் வைத்துவிட்டால் போதும். சிக்கல் அதன் பிறகுதான் வருகிறது. "மனே, அந்த ரெண்டாம் வரவை ஒருக்காப் போடு பாப்பம்" என்று கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் கேட்பார். வரவு என்பது ஒரு பாத்திரம் களரிக்குள் வருகிற பகுதி. எட்டு மணி நேரக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மவுஸால் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக்கொண்டே இருப்போம். அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

ஒலித்தொகுப்பில் நேரத்தைத் தின்பது தேடுவதுதான். வெட்டுவதற்கு அதில் கால்வாசி நேரம்கூடப் போகாது. கூத்துப் பதிவுகள் எத்தனையோ பேருடைய வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் கேட்பாரற்றுக் கிடப்பதற்கும் இதுதான் காரணம். உள்ளே என்ன எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஓடாசிற்றிக்குள் வழி தெரிந்து நடக்கப் பழகினால் இந்த நிலை மாறும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஓடாசிற்றி ஒலியைப் பதியவும் தொகுக்கவும் உதவும் இலவச மென்பொருள். 1999 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது. இங்கே சொல்வதெல்லாம் அதன் 3 ஆம் வரிசையின் பிந்திய பதிப்புகளுக்குப் பொருந்தும். மக் கணினி வைத்திருப்பவர்கள் கொன்ட்ரோல் என்று வரும் இடங்களில் கொமாண்ட் விசையை அழுத்துங்கள்.

திறக்கும் முன்

நீண்ட பதிவைப் பல ரெக்கோர்டர்கள் தாமாகவே துண்டு துண்டாகச் சேமிக்கும். வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதே காரணம். 2 ஜிகாபைட்டிலேயே துண்டாக்கும் கருவிகளும் உண்டு. எல்லாத் துண்டுகளையும் ஒரே புரொஜெக்டுக்குள் இழுத்துப் போடுங்கள். கொன்ட்ரோல் + ஏ அழுத்தி எல்லாவற்றையும் தெரிவு செய்து, டிராக்ஸ் மெனுவில் அலைன் டிராக்ஸ் என்பதற்குள் அலைன் எண்ட் டு எண்ட் கொடுத்தால், ஒன்று முடிகிற இடத்தில் மற்றது தொடங்கும்படி வரிசையாகும். கோப்புகளின் ஒழுங்கை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். ஒற்றை ஒலித்தடத்தில் 44,100 ஹேர்ட்ஸ், 32 பிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.6 மெகாபைட் போகும். எட்டு மணி நேரத்துக்கு 5 ஜிகாபைட். ஸ்டீரியோ என்றால் இரட்டிப்பு. அந்த இடம் லப்டொப்பில் இருக்கிறதா என்று பார்த்து, முதல் வேலையாகப் புரொஜெக்டைச் சேமித்துவிடுங்கள்.

திரையில் தெரிவது என்ன

முழுப் பதிவும் திரைக்குள் அடங்க வேண்டுமென்றால் கொன்ட்ரோல் + எஃப். எந்தக் கோப்பைத் திறந்தாலும் இதைத்தான் முதலில் அழுத்த வேண்டும். இப்போது தெரிவது கூத்தின் முழு இரவு.

இந்தப் பார்வையின் எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண லப்டொப் திரையில் அலைவடிவத்துக்குக் கிடைப்பது சுமார் 1,200 பிக்சல். எட்டு மணி நேரம் என்பது 28,800 செக்கன். அப்படியென்றால் ஒரு பிக்சலுக்குள் 24 செக்கன் நசுங்கிக் கிடக்கிறது. தரு என்கிற கூத்துப் பாட்டின் இரண்டு மூன்று அடிகள் ஒரு புள்ளியின் அகலத்துக்குள் ஒளிந்திருக்கும். இந்தத் தூரத்தில் நின்றுகொண்டு எதையும் வெட்டக் கூடாது. இங்கே பார்க்க வேண்டியது நிலவமைப்பை மட்டும்தான்.

அதைப் பார்க்கத் தெரிந்தால் நிறையச் சொல்லும். அலைவடிவத்தில் இரண்டு நீலம் இருப்பதைக் கவனியுங்கள். வெளியே கடும் நீலம், அந்தந்த இடத்தின் உச்ச அளவு. உள்ளே இளநீலம், சராசரி வலு. மத்தளம், சல்லரி என்கிற கைத்தாளம், பிற்பாட்டு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போகும் ஆட்டத்தில் இளநீலப் பட்டை நன்றாகத் தடித்திருக்கும். ஒருவர் மட்டும் தாளமில்லாமல் விருத்தம் பாடும் இடத்தில் இரண்டும் மெலிந்துவிடும். வெடி கொளுத்தினாலோ, யாராவது மைக்கைத் தட்டினாலோ, கடும் நீலம் ஊசியாக மேலே போகும். ஆனால் இளநீலம் அப்படியே கிடக்கும். அதாவது, உயரத்தைப் பார்த்து ஏமாறாமல் உள்ளே இருக்கும் இளநீலத்தைப் பார்த்தால், ஆட்டம் எது, வெறும் சத்தம் எது என்று கேட்காமலே பிரித்துவிடலாம். சில பதிவுகளோடு பழகிவிட்டால் ஒவ்வொரு வரவும் எங்கே தொடங்குகிறது என்பதற்கு ஒரு மதிப்பீடு இந்தத் தூரப் பார்வையிலேயே வந்துவிடும்.

சூம் செய்யும் விசைகள்

கொன்ட்ரோல் + 1 உள்ளே போக, கொன்ட்ரோல் + 3 வெளியே வர, கொன்ட்ரோல் + 2 வழமையான அளவுக்குத் திரும்ப. வழமையான அளவில் ஒரு செக்கன் திரையில் ஏறத்தாழ ஓர் அங்குலம் நீளும். அந்த அளவில் எட்டு மணி நேரக் கூத்தை விரித்தால் 730 மீற்றர் வரும். மவுஸால் இழுத்துத் தேடுவது ஏன் நடக்காத காரியம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கொன்ட்ரோல் + 1 ஒவ்வொரு அழுத்தலுக்கும் இரண்டு மடங்கு உள்ளே போகும். முழுப் பார்வையிலிருந்து வழமையான அளவுக்கு வர 11 தடவை அழுத்த வேண்டும். அதற்குப் பதிலாக, வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தெரிவு செய்து கொன்ட்ரோல் + ஈ அழுத்துங்கள். அந்தத் தெரிவு மட்டும் திரையை நிரப்பும். அதற்குள் இன்னும் சின்னதாக ஒரு தெரிவு, மீண்டும் கொன்ட்ரோல் + ஈ. மூன்று தடவையில் எட்டு மணி நேரத்திலிருந்து ஒரு மத்தள அடிக்கு வந்துவிடலாம்.

பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. உள்ளே போன பிறகு "இது கூத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது" என்று பார்க்க வேண்டி வந்தால், கொன்ட்ரோல் + எஃப் அழுத்தி முழுவதையும் பாருங்கள். உங்கள் தெரிவு கலையாமல் அங்கேயே இருக்கும். பார்த்து முடிந்ததும் கொன்ட்ரோல் + ஈ அழுத்தினால் விட்ட இடத்துக்கே திரும்பி வருவீர்கள். இந்த இரண்டு விசைகளையும் மாற்றி மாற்றி அழுத்தக் கை பழகினால் பாதி வழி கடந்தாயிற்று. கிளிக் ஒன்று தவறிப் பட்டால் தெரிவு கலைந்துவிடும் என்பதால், முக்கியமான இடமென்றால் செலக்ட் மெனுவில் ரீஜியன் என்பதற்குள் ஸ்டோர் செலக்ஷன் கொடுத்து வையுங்கள். பிறகு ரிட்ரீவ் செலக்ஷன் அதை மீட்டுத் தரும்.

எந்த இடத்தை நடுவாக வைத்துச் சூம் ஆகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கேர்சரோ தெரிவோ திரையில் இருந்தால் கொன்ட்ரோல் + 1 அதை நோக்கிப் போகும். ஒலி ஓடிக்கொண்டிருந்தால் ஓடுகிற இடத்தை நடுவாக்கும். கொன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால், மவுஸ் முனை எங்கே நிற்கிறதோ அங்கே சூம் ஆகும். கண்ணுக்கு முன்னால் ஓர் இடம் தெரிகிறது, அதைக் கிட்டப் பார்க்க வேண்டும் என்றால் சக்கரம்தான் வேகமானது. ஷிப்டைப் பிடித்துக்கொண்டு உருட்டினால் பக்கவாட்டில் நகரும்.

ஷிப்ட் + இசட் இரண்டு சூம் அளவுகளுக்கிடையே தாவும். அந்த இரண்டும் எவை என்பதைப் பிரிஃபரன்சஸில் டிராக்ஸ் பகுதியில் நீங்களே தெரிவு செய்யலாம். கொன்ட்ரோல் + ஈ பழகியவருக்கு இது பெரிதாகத் தேவைப்படாது.

ஒலிக்குள் நடப்பது

ஸ்பேஸ் விசை ஓட்டும், நிறுத்தும். நிறுத்தியதும் கேர்சர் முன்பு இருந்த இடத்திலேயே நிற்கும். கேட்டுக்கொண்டே போய் "இதுதான் இடம்" என்று பட்டால் ஸ்பேஸை அழுத்தாதீர்கள்; எக்ஸ் விசையை அழுத்துங்கள். அது நிறுத்துவதோடு கேர்சரையும் அந்த இடத்தில் வைத்துவிடும். தேடலில் அதிகம் உழைக்கிற விசை இதுதான்.

ஒலி ஓடும்போது இடது, வலது அம்புக்குறிகள் ஒரு செக்கன் தாவும். ஷிப்டோடு சேர்த்தால் 15 செக்கன். பாட்டுக்கு அது சரி, விடிய விடிய ஆடுகிற கூத்துக்குப் போதாது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ் போய், பிளேபக் பகுதியில் லோங் பீரியட் என்பதை 60 செக்கன் ஆக்குங்கள். ஷோட் பீரியடை 5 ஆக்கினால் இன்னும் வசதி. ஒரு நிமிடம் தாவு, ஐந்து செக்கன் கேள், மறுபடி தாவு. இப்படிப் போனால் எட்டு மணி நேரத்தை முக்கால் மணி நேரத்துக்குள் ஒருமுறை மேய்ந்துவிடலாம்.

ஒலி நிற்கும்போது இதே அம்புக்குறிகளின் குணம் வேறு. அப்போது கேர்சரை ஒரு பிக்சல் நகர்த்தும். முழுப் பார்வையில் ஒரு பிக்சல் 24 செக்கன். திரையில் 4 செக்கன் மட்டும் தெரியும்படி சூம் செய்திருந்தால் அதே ஒரு பிக்சல் 3 மில்லிசெக்கன் சொச்சம். அதே விசைதான், ஆனால் அதன் அடி எவ்வளவு என்பதைச் சூம் தீர்மானிக்கிறது. நுணுக்கமாக நகர்த்த வேண்டுமென்றால் முதலில் உள்ளே போங்கள், பிறகு அம்புக்குறியைத் தொடுங்கள். ஷிப்ட் + அம்புக்குறி தெரிவின் ஓரத்தை இதே கணக்கில் நீட்டும்.

நேரம் தெரிந்திருந்தால் தேடவே வேண்டாம். களரியில் இருந்தவர் யாராவது "ரெண்டு மணி போலதான் அந்தச் சண்டைக் கட்டம்" என்று சொல்வார். பதிவு தொடங்கிய நேரத்தைக் கழித்துப் பாருங்கள். கீழே உள்ள செலக்ஷன் கருவிப்பட்டையில் மணி, நிமிடம், செக்கன் என்று இலக்கங்களைத் தட்டினால் கேர்சர் அங்கே போய்விடும். திரை அங்கே போகாவிட்டால் கொன்ட்ரோல் + [ அழுத்துங்கள், தெரிவின் தொடக்கம் கண்முன் வரும். கொன்ட்ரோல் + ] தெரிவின் முடிவைக் காட்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பதிவைத் தொடங்கும்போது "இரவு ஒன்பது பத்து" என்று மைக்கில் நேரத்தைச் சொல்லிவிடும் பழக்கத்தை எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

தெரிவு கலையாமல் வேறிடத்தைக் கேட்க வேண்டுமா? மேலே உள்ள நேரக்கோட்டில் கீழ்ப்பாதியில் கிளிக் செய்யுங்கள். அங்கிருந்து ஒலி ஓடும், உங்கள் தெரிவு அப்படியே இருக்கும். மேற்பாதியில் இழுத்தால் அது திரும்பத் திரும்ப ஓடும் வட்டத்தைக் குறித்துவிடும். தாளக்கட்டு ஒன்றைப் பழகுகிற பிள்ளைகளுக்கு அது நல்ல உதவி.

ஹோம் பதிவின் தொடக்கத்துக்கும் எண்ட் முடிவுக்கும் கொண்டுபோகும். ஜே, கே விசைகள் தெரிவு செய்த டிராக்கின் தொடக்கம், முடிவு. இங்கே சொன்ன விசை ஏதாவது வேலை செய்யாவிட்டால் பிரிஃபரன்சஸில் ஷோட்கட்ஸ் பகுதிக்குப் போய், வழமைத் தொகுப்புக்குப் பதிலாக முழுத் தொகுப்பைத் தெரிவு செய்யுங்கள்.

முதல் நடையில் லேபிள் மட்டும்

வெட்ட வேண்டும் என்ற ஆசையை இங்கே அடக்க வேண்டும். முதல் முறை கேட்கும்போது கத்தியைத் தொடாதீர்கள். ஒலி ஓடும்போதே கொன்ட்ரோல் + எம் அழுத்துங்கள் (மக்கில் மட்டும் கொமாண்ட் + புள்ளி). அந்த இடத்தில் ஒரு லேபிள் விழும். பெயரைத் தட்டி என்டர் கொடுங்கள். என்டர் கொடுக்காமல் அடுத்த விசையை அழுத்தினால் அதுவும் பெயருக்குள் போய் விழும். ஒரு முழுப் பகுதிக்கு லேபிள் வைப்பதென்றால் அதைத் தெரிவு செய்து கொன்ட்ரோல் + பி.

பெயர்களை ஒரே ஒழுங்கில் வையுங்கள். கட்டியகாரன் வரவு, அரசன் வரவு, தரு, விருத்தம், கொச்சகம், வசனம், சண்டை, அறிவித்தல், மைக் கோளாறு. சந்தேகம் என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தருவின் முதல் இரண்டு சொற்களையும் எழுதிவிட்டால் பிறகு யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கலாம். லேபிள் இருந்துவிட்டால், ஆல்ட் + வலது அம்புக்குறி அடுத்த லேபிளுக்கும் ஆல்ட் + இடது முந்தைய லேபிளுக்கும் தாவும். அண்ணாவியார் கேட்ட இரண்டாம் வரவு சில செக்கனில் ஓடும்.

வெட்டுமிடத்தை நெருங்குவது

ஒரு விருத்தம் முடிந்து மத்தளம் எழும்புகிற இடத்தை எடுத்துக்கொள்வோம். விருத்தத்தைத் தனிக் கோப்பாக்க வேண்டும். லேபிளுக்குத் தாவி, முன்னும் பின்னும் இரண்டு செக்கன் தெரிவு செய்து கொன்ட்ரோல் + ஈ. இப்போது பாடகரின் கடைசி இழுப்பு மெல்ல மெல்ல ஒடுங்கி, ஒரு சின்ன அமைதி வந்து, மத்தளத்தின் முதல் அடி செங்குத்தாக எழுவது தெரியும். அடி எழுவதற்கு ஒட்டி முன்னால் வெட்டலாம் என்று தோன்றும். இன்னொரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். அமைதி என்று நினைத்த இடத்தில் பாடகரின் குரல் இன்னும் மெலிதாக அசைந்துகொண்டிருக்கும், அடுத்து அவர் மூச்செடுப்பதும் ஒரு சின்ன வீக்கமாகத் தெரியும். குரல் அடங்கி மூச்சு தொடங்குவதற்கு இடையில் வெட்டுவதே நல்லது. மூச்சைப் பாதியில் அறுத்த பதிவைக் கேட்டால் பாடியவரின் கழுத்தைப் பிடித்தது போல இருக்கும்.

இடம் முடிவானதும் இசட் விசையை அழுத்துங்கள். அலை நடுக்கோட்டைக் கடக்கிற கிட்டிய புள்ளிக்குத் தெரிவின் ஓரம் நகரும். இதைச் செய்யாவிட்டால் ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரலாம். ஒரு பகுதியை நீக்குவதாக இருந்தால், நீக்கும் முன் அதைத் தெரிவு செய்து சீ விசையை அழுத்துங்கள். அந்தப் பகுதியைத் தாண்டி, முன் இரண்டு செக்கனையும் பின் ஒரு செக்கனையும் ஒட்டிக் கேட்கத் தரும். தாளம் தப்பியிருந்தால் காது உடனே சொல்லிவிடும். கூத்தில் வெட்டுக்கான கடைசி நீதிபதி தாளம்தான். கண்ணுக்கு எவ்வளவு அழகான வெட்டாகத் தெரிந்தாலும் தாளக்கட்டு ஓர் அட்சரம் குறைந்தால் அது பிழையான வெட்டு.

இன்னும் உள்ளே போனால் அலை தனித்தனிப் புள்ளிகளாக உடையும். செக்கனுக்கு 44,100 புள்ளிகள். அந்த ஆழத்துக்குப் போக ஒரே ஒரு நல்ல காரணம்தான் இருக்கிறது. பழைய கசெற்றிலிருந்து எடுத்த பதிவில் வரும் ஒற்றை வெடிப்பொலியைத் தெரிவு செய்து எஃபெக்ட் மெனுவில் ரிப்பேர் கொடுப்பது. அது 128 புள்ளிகள் வரைதான் வேலை செய்யும் என்பதால் அந்த அளவுக்குச் சூம் செய்தே ஆக வேண்டும்.

மேலும் கீழும்

உயரத்திலும் சூம் உண்டு. இடப்பக்க அளவுகோலின் மேல் வலது கிளிக் செய்தால் அதற்கான தெரிவுகள் வரும். களரியின் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லக் கேட்கும் வசனத்தின் தொடக்கத்தைப் பிடிக்க இது உதவும். அதே மெனுவில் டெசிபல் அளவுக்கு மாற்றினால் மெல்லிய ஒலிகள் இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் இது பார்வை மட்டுமே. ஒலி ஒரு துளியும் கூடாது. உயரத்தில் சூம் செய்துவிட்டு மறந்துபோய், அலை மேலும் கீழும் முட்டுவதைக் கண்டு பதிவே பிளந்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அளவுகோலில் சூம் ரீசெட் கொடுத்துவிட்டுப் பாருங்கள். பல டிராக்குகளையும் ஒரே திரையில் அடக்க கொன்ட்ரோல் + ஷிப்ட் + எஃப்.

டிராக் பெயர் இருக்கும் இடத்தில் திறக்கும் மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாறலாம். தாழ்ந்த ஒலிகளைக் கீழேயும் உயர்ந்த ஒலிகளை மேலேயும் பிரித்துக் காட்டும் படம் அது. கூத்துக்கு இது மிகவும் உதவும். மத்தளம் கீழே தடித்த பட்டையாக, குரல் ஒன்றன் மேல் ஒன்றாகப் போகும் வளைகோடுகளாக, சல்லரியும் சதங்கையும் மேலே மெல்லிய நிமிர்கோடுகளாகத் தெரியும். ஆடுபவர் பாடத் தொடங்கும் முன்பே சதங்கை களரிக்குள் வந்துவிடும் என்பதால், வரவின் உண்மையான தொடக்கத்தை அலைவடிவத்தைவிட இதில் துல்லியமாகப் பிடிக்கலாம். பதிவில் மின் இரைச்சல் கலந்திருந்தால் 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நேர்கோடாக ஓடுவதையும் இங்கே காணலாம். பெரிய கோப்பில் முழுப் பார்வையில் இதைத் திறந்தால் லப்டொப் திணறும். சில நிமிடங்களுக்குள் சூம் செய்த பிறகு மாற்றுங்கள்.

ஒலி ஓடும்போது திரையும் கூடவே ஓடுவது சில நேரம் தொந்தரவு. நேரக்கோட்டின் இடது ஓரத்திலுள்ள பட்டனில் அதை நிறுத்தலாம். அங்கேயே, ஓடும் கோட்டை நடுவில் நிறுத்தி அலையை அதற்கடியில் ஓடவிடும் தெரிவும் உண்டு. லேபிள் போடும்போது எனக்கு அதுதான் பிடிக்கும். கண் ஒரே இடத்தில் நிற்கும்.

லேபிள்களை வெளியே எடுப்பது

எல்லாம் குறித்து முடிந்ததும் ஃபைல் மெனுவில் எக்ஸ்போட் அதர் என்பதற்குள் எக்ஸ்போட் லேபிள்ஸ் கொடுங்கள். தொடங்கும் நேரம், முடியும் நேரம், பெயர் என்று ஒரு சாதாரண எழுத்துக்கோப்பு வரும். அதை அச்சடித்து அண்ணாவியாரிடமோ, கூத்து ஏட்டைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிற ஏட்டண்ணாவியாரிடமோ கொடுங்கள். நீங்கள் தரு என்று எழுதியதைக் கொச்சகம் என்று திருத்துவார், கேள்விக்குறி போட்ட இடங்களுக்குப் பாத்திரத்தின் பெயர் சொல்வார், ஏட்டில் இருந்தும் அன்று ஆடாமல் விட்ட பகுதியைக் காட்டுவார். திருத்தத்தை அதே எழுத்துக்கோப்பில் ஏற்றி, நேர இலக்கங்களைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். பழைய லேபிள் டிராக்கை நீக்கிவிட்டு, ஃபைல் மெனுவில் இம்போட் என்பதற்குள் லேபிள்ஸ் வழியாகப் புதியதை உள்ளே கொண்டுவாருங்கள். பிறகு எக்ஸ்போட் ஓடியோவில் மல்டிபிள் ஃபைல்ஸ் தெரிவு செய்து, லேபிள்களின்படி பிரிக்கச் சொன்னால், ஒவ்வொரு வரவும் தருவும் அதனதன் பெயரோடு தனித்தனிக் கோப்பாக வந்து விழும்.